வைஸ் சார் கொடுத்த தங்க பேட்ஜ்

தங்க நிறத்தில் ஒரு வட்டம். அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு கைகள். கீழே பச்சை ரிப்பன், அதில் ‘குழுப்பணித் திறன்’ என்று எழுத்து. போனில் கட்டைவிரல் நகத்தளவு தெரியும். பெரிதாக்கினால் ஓரமெல்லாம் கலங்கிப்போகும். எங்கள் நர்சிங் கல்லூரி ஹாலில் அதை முதன்முதலாகத் திரையில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் படத்திலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் வாட்ச். ஒன்றில் மோதிரம். இன்னொன்றில் நீளமாக நகம் வளர்த்து பாலிஷ் போட்டிருந்தது. வார்டுக்குள் போகுமுன் வாட்சைக் கழற்று, மோதிரத்தைக் கழற்று, நகத்தை வெட்டு என்று வருஷக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். நர்சிங் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பேட்ஜில் அழுக்குக் கை. படம் வரைந்தவனுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அதைப் பார்த்து, ரசித்து, சரி என்று சொன்னவர் எங்கள் வைஸ் பிரின்சிபால். அவருக்குத் தெரியாது என்று நான் எப்படிச் சொல்ல?

வைஸ் பிரின்சிபாலைப் பிள்ளைகள் சுருக்கி வைஸ் சார் ஆக்கியிருந்தார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் ஒரு காலத்தில் நல்ல வாத்தியார். கரும்பலகையில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இதயத்தை வரைவார். வலது கை படத்தின் வலப்பக்க அறைகளைப் போடும், இடது கை இடப்பக்கத்தைப் போடும், கடைசியில் இரண்டு சாக்பீஸும் நடுச்சுவரில் வந்து சேரும். பின்வரிசையில் தூங்குகிற பிள்ளைகூட அப்போது நிமிர்ந்து உட்காரும். அந்த மனிதரைச் சென்னைக்கு ஏதோ பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் சாக்பீஸைத் தொடவே இல்லை. தோளில் மடிக்கணினிப் பை, வாயில் புதுச் சொற்கள். நோயாளி என்ற வார்த்தை போய் ‘பயனாளர்’ வந்துவிட்டது. தவறு என்ற வார்த்தையும் போய்விட்டது; எல்லாமே ‘கற்றல் வாய்ப்பு’ ஆகிவிட்டது. ஒரு பிள்ளை ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டு ரத்தத்தோடு வந்து நின்றால், “நல்லதும்மா, இது ஒரு கற்றல் வாய்ப்பு” என்பார். பஞ்சை எடுத்துக் கொடுக்க மாட்டார். வார்டுப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார். பினாயில் வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பேச்சு.

ராஜபாளையத்தை ஒட்டிய அந்தத் தனியார் கல்லூரியில் நான் ட்யூட்டர். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், எங்கள் அத்தாவுக்கு அங்கே பஜாரில் பாத்திரக்கடை. கடையில் எவர்சில்வர் டம்ளர் வரும்போது ஒவ்வொன்றிலும் ஒரு தங்கநிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வாங்கிப்போன ஆட்கள் சிலர் அதைச் சுரண்டாமலே காபி குடிப்பார்கள், மருமகன் கண்ணில் படட்டும் என்று. டம்ளர் ஒழுகினாலும் ஸ்டிக்கர் ஒழுகாது. வைஸ் சார் பேட்ஜைப் பற்றிப் பேசப் பேச எனக்கு அந்த டம்ளர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்றாக வேலை செய்யக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. டாக்டரும் நர்சும் மருந்தாளுநரும் ஒருவரோடொருவர் சரியாகப் பேசாததால் செத்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்தான். ஆனால் கற்றுக்கொடுப்பது ஒன்று, ஸ்டிக்கர் ஒட்டுவது வேறொன்று. இந்த மனிதர் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதும் முடிந்துவிட்டதாக அறிக்கை எழுதினார்.

அது நடந்த விதத்தைச் சொல்கிறேன். ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. பொம்மை நோயாளியை வைத்து ஒரு நாடகம். ஒருத்தி தலைவி, ஒருத்தி மருந்து எடுப்பவள், ஒருத்தி நேரம் பார்ப்பவள், இப்படி. ஒருத்தி சொன்னதை மற்றவள் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், முதலாமவள் சரி என்று உறுதிசெய்ய வேண்டும். நல்ல பழக்கம்தான். நாடகம் முடிந்ததும் ஒவ்வொருத்தியும் மற்ற நான்கு பேருக்கும் போனில் நட்சத்திரம் போட வேண்டும். பிறகு ட்யூட்டர் தன் கணக்கில் போய் ஒரு பொத்தானை அமுக்கினால் பேட்ஜ் வரும். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாக. வெளிநாட்டில் இப்படித்தான் என்றார் வைஸ் சார். அங்கே ஒழுங்காகச் செய்கிறார்களாக இருக்கும். இங்கே குழுவை எப்படிப் பிரித்தார் தெரியுமா? பஸ் ரூட்டை வைத்து. பயிற்சி வகுப்பு நேரத்தைத் தாண்டிப் போனால் காலேஜ் பஸ் காத்துக்கிடக்கக் கூடாதாம். ஒரே பஸ்ஸில் போகிற பிள்ளைகள் ஒரே குழுவில் இருந்தால் சேர்ந்து ஏற்றி அனுப்பிவிடலாமாம். தளவாய்புரம் பஸ் ஒரு குழு, சுந்தரபாண்டியம் பஸ் ஒரு குழு, சேத்தூர் பஸ் ஒரு குழு.

காலேஜ் பஸ் என்றால் என்னவென்று அதில் போனவர்களுக்குத் தெரியும். யார் யாருக்கு சீட் போடுகிறார்கள், யார் ஜன்னலோரம், யார் டிபன்பாக்ஸை யாரோடு பிரிக்கிறார்கள், யாரோடு யார் பேசுவதில்லை என்று அதற்குள் ஒரு தனி அரசாங்கமே நடக்கும். நட்சத்திரம் அந்த அரசாங்கத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் வைத்தே போடுவார்கள். “ஏட்டி, எனக்கு அஞ்சு போட்டியா? காட்டு பாப்போம்” என்று போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தவளுக்கு ஐந்து. முந்தின நாள் லெமன் சாதம் தராதவளுக்கு மூன்று. இதைக் கூட்டி, வகுத்து, சதவீதமாக்கி, வண்ண வண்ணமாகப் படம் போட்டு வைஸ் சார் திரையில் காட்டுவார். “பாருங்க, தளவாய்புரம் டீமோட ஒற்றுமை எப்படி வளர்ந்திருக்கு” என்பார். அந்த வாரம் தளவாய்புரம் பஸ்ஸில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். எல்லோருக்கும் கேக் கொடுத்திருந்தாள். அதுதான் வளர்ச்சி. நான் எழுந்து இதைச் சொன்னேன். “நீங்க எதையும் நெகட்டிவா பாக்குறீங்க மேடம்” என்று சிரித்தார்.

சிரித்துவிட்டுப் போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். கடைசி வருஷப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்க மதுரையிலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி வருவது வழக்கம். தங்க பேட்ஜ் இருக்கிறவர்கள் மட்டும்தான் அந்த நேர்காணலில் உட்காரலாம் என்று வைஸ் சார் ஓர் உத்தரவு போட்டார். மதுரைக்காரர்கள் அப்படிக் கேட்கவில்லை. இவராகப் போட்டது. அன்றிலிருந்து அந்த வட்டம் படமாக இருக்கவில்லை, கதவாகிவிட்டது.

அந்தக் கதவுக்கு வெளியே நின்ற பிள்ளையைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தளவாய்புரம் பஸ்ஸில் வருகிறவள். அந்த ஊரில் நைட்டி தைக்காத வீடு குறைவு. இவள் வீட்டில் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் மிஷினில். தையல்காரர் மகள் என்று சொல்கிறேன். குட்டையான உருவம், சத்தமில்லாத குரல், யாரிடமும் குழைந்து பேசத் தெரியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. பேட்ஜ் நாடகத்தில் இவளை எப்போதும் நேரம் பார்க்கிறவளாகத்தான் போடுவார்கள். வெள்ளி வரைக்கும் எப்படியோ வந்துவிட்டாள். தங்கம் மட்டும் பாக்கி. “மதுரையில கெடச்சா தீவிர சிகிச்சை வார்டுல போடுவாகளா மேடம்?” என்று என்னிடம் கேட்டாள். போடுவார்கள் என்றேன். “கெடைக்கலைன்னா எனக்கும் ஒரு மிஷின் வாங்கிப் போடுறதா அப்பா சொல்லிட்டாரு. பட்டன் காஜா எடுக்க ஆளு வேணுமாம்.” வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவள் என்ன விரும்பினாள் என்று அதற்கு மேல் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தங்கத்துக்கான கடைசித் தேர்வைப் பொம்மையோடு நடத்தாமல் உண்மையான வார்டில் நடத்தி வீடியோ எடுப்பது என்று வைஸ் சாருக்கு யோசனை வந்தது. எங்கேயோ ஒரு மாநாட்டில் போட்டுக் காட்ட அவருக்கு அது வேண்டும். எங்கள் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு. தளவாய்புரம் குழுதான் திரையில் அழகாக இருக்கும் என்று அவர்களைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நோயாளிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அதைக் குழுவாகச் செய்துகாட்ட வேண்டும். நோயாளி பெயர் ஆண்டாள், சுந்தரபாண்டியத்துக்காரம்மா, மாதப்போக்கு நிற்காமல் ரத்தம் வற்றி வெளுத்துக் கிடந்தார். நம் பக்கத்துப் பெண்கள் வார்டில் எந்த நேரமும் ஒன்றிரண்டு ஆண்டாள் இருப்பார்கள். அன்றைக்கு இரண்டு பேர். இன்னொருவர் மடவார் வளாகத்துக்காரம்மா. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து சலைன் ஓடிக்கொண்டிருந்தது. ரத்த வகை வேறு, ஓ பாசிட்டிவ். வார்டு சிஸ்டர்கள் ஒருநாளும் வெறும் ஆண்டாள் என்று கூப்பிட மாட்டார்கள். “மடவார் வளாகத்து ஆண்டாளு”, “சுந்தரபாண்டியத்து ஆண்டாளு” என்று ஊரைச் சேர்த்துத்தான். எந்தப் பயிற்சியிலும் சொல்லாத பழக்கம், யாரும் பேட்ஜ் கொடுக்காத பழக்கம்.

வைஸ் சார் வந்து வெளிச்சம் பார்த்தார். சுந்தரபாண்டியத்துக்காரம்மா கட்டில் ஜன்னலுக்கு நேராக இருந்ததால் முகம் இருட்டாக விழுகிறதாம். அட்டெண்டரை விட்டுக் கட்டில்களை நகர்த்தச் சொன்னார். சக்கரக் கட்டில், ஒன்று இங்கே வந்தது, ஒன்று அங்கே போனது; பிறகு ஜன்னலையே சாத்தச் சொல்லி, கட்டில்களைத் திருப்பி மாற்றாமல் கேமராவை முதல் இடத்துக்கே கொண்டுவந்தார். கட்டில் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கிறது, அது நகராது. வார்டு சிஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். “நீங்க ஃப்ரேமுக்கு வெளிய நில்லுங்க சிஸ்டர்” என்று அவரை மருந்து அலமாரி ஓரத்துக்கு அனுப்பினார். என்னை வாசலில் நிறுத்தினார், நோயாளியின் ஆட்கள் குறுக்கே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள. வாசலிலிருந்து எனக்குக் கட்டிலின் கால்மாடு மட்டும்தான் தெரிந்தது. உள்ளே கேமராக்காரர், வைஸ் சார், ஐந்து பிள்ளைகள்.

நாடகம் பிரமாதமாகத் தொடங்கியது. தலைவிப் பிள்ளை சீட்டைப் பார்த்து உரக்கப் படித்தாள், “ஆண்டாள், பி பாசிட்டிவ்.” இரண்டாமவள் பையைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள், “ஆண்டாள், பி பாசிட்டிவ்.” தலைவி, “சரி.” ஐ.பி. என்கிற உள்நோயாளி நம்பரையும் அப்படியே சீட்டிலிருந்து பைக்கு, பையிலிருந்து சீட்டுக்கு. மூன்றாமவள் சுவரைப் பார்த்துக் கட்டில் நம்பர் சரி என்றாள். தலைவி குனிந்து, கற்றுக்கொடுத்த புன்னகையோடு, “உங்க பேரு ஆண்டாள்தானம்மா?” என்றாள். ஆமாம் என்றார் படுத்திருந்த அம்மா. சொன்னது, திருப்பிச் சொன்னது, உறுதிசெய்தது எல்லாம் சரி. ஒரு சுற்று முழுசாகச் சுற்றி வந்துவிட்டது. அதில் நோயாளி மட்டும் இல்லை. நோயாளியின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையை ஒருத்தியும் திருப்பிப் பார்க்கவில்லை. “எனக்கு ரத்தம் ஏத்தணும்னு டாக்டரு ஒண்ணும் சொல்லலியே தாயி” என்று அந்த அம்மா கேட்டது வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அதற்குத் தலைவி சொன்னாள், “பயப்படாதீங்கம்மா, நாங்க ஒரு டீம்.”

நான் உள்ளே கால் வைப்பதற்குள் தையல்காரர் மகளின் குரல் வந்தது. “அக்கா, கைப்பட்டையப் பாருங்க.” வகுப்பிலேயே மூத்தவளான தலைவி பார்க்கவில்லை; கேமரா ஓடிக்கொண்டிருக்கிறதே. “அக்கா, இவுக மடவார் வளாகத்து ஆண்டாளு.” குழாயை ஊசியோடு சேர்க்கப் போன தலைவியின் கையை இவள் தட்டிவிட்டாள். குழாயின் திருகை மூடினாள், கம்பியிலிருந்து பையை எடுத்தாள், இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். வைஸ் சார், “ஏம்மா, ஏம்மா, கட், கட்” என்றார். தலைவி, “ஏட்டி குடுட்டி, ரெக்கார்ட் ஆகுது” என்று பையைப் பிடித்து இழுத்தாள். “சிஸ்டரு வரட்டும். தர மாட்டேன்” என்றாள் இவள். நான் போய் அந்த அம்மாவின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். வார்டு சிஸ்டரும் வந்து பார்த்தார். பட்டையில் இருந்தது வேறு நம்பர். மடவார் வளாகத்துக்காரம்மா எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நாந்தான் அப்பவே சொன்னேன்லா” என்றார். அந்த வார்டில் அன்றைக்குச் சரியாகப் பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் நோயாளி. பையை வாங்கிப்போய்ச் சரியான ஆண்டாளுக்கு சிஸ்டர் ஏற்றினார். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

வைஸ் சார் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? வீடியோ கெட்டுப்போனதற்காக வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், முகம் தொங்கிப்போயிருந்தது. இந்த மாதிரி ஒன்று நடந்தால் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். “ஒண்ணும் நடக்கலியே மேடம், நடந்தாத்தானே எழுதணும்” என்றார். கட்டில் மாறியதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. பிரின்சிபால் மேடத்திடம் போனேன். ஓய்வு பெறக் காத்திருந்தவர். “விடுங்கம்மா, பிள்ளைகதானே” என்றார். பிள்ளைகள் கட்டிலை நகர்த்தவில்லை என்றேன். ஃபேனைப் பார்த்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் நட்சத்திரம் போட்டார்கள். தையல்காரர் மகளுக்கு நான்கு பேரும் ஒன்று போட்டார்கள். அதற்குக் குறைத்துப் போட வழியிருந்தால் போட்டிருப்பார்கள். அவளும் மற்றவர்களுக்கு நேர்மையாகத்தான் போட்டாளாம். மறுநாளிலிருந்து அவளுக்கு சீட் இல்லை. பைகளை வைத்து இடத்தை அடைத்துவிடுவார்கள். டிரைவர் இரக்கப்பட்டு இன்ஜின் பெட்டிமேல் ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். “சூடா இருக்கும், பழகிரும்” என்றாராம். தலைவிப் பிள்ளை என்னிடம் வந்து அழுதாள். தப்பு செய்துவிட்டோம் என்றா? கேமரா முன்னால் தன் கையைத் தட்டிவிட்டாள் என்று. “தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லா மேடம்?” ரத்தம் உடம்புக்குள் போகிற வேளையில் தனியாகக் கூப்பிட்டு எங்கே போவது, கேன்டீனுக்கா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பிள்ளைகளை முழுக்கவும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகம் சுளிக்காமல் இருப்பதுதான் ஒற்றுமை என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்து, அதற்குப் பரிசும் கொடுத்தால், பிள்ளைகள் வேறு எப்படி ஆவார்கள்?

மற்ற நால்வரின் தங்கத்துக்கு நான் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்க மாட்டேன் என்றேன். வைஸ் சார் கணினி அறைக்குப் போய் என் கடவுச்சொல்லை மாற்றி என் பெயரில் அவரே அமுக்கிவிட்டார். இன்றைக்கும் அந்த நால்வரின் பேட்ஜைத் தொட்டால் மதிப்பிட்டவர் என்று என் பெயர்தான் வரும். கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வராது. கணினி பொய் சொல்லுமா என்பார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இது ஊரில் தினம் நடக்கிற அநியாயங்களில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் மாநாட்டுக்குப் போகிற அறிக்கையில், கடைசி வருஷப் பிள்ளைகள் அத்தனை பேரும் தங்கம் என்று வைஸ் சார் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார். ஒருத்தி குறைகிறாள். கணக்கு இடிக்கிறது. உடனே அவருக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது. நட்சத்திரத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, தன் தனி அதிகாரத்தில் தையல்காரர் மகளுக்கும் ஒரு தங்க பேட்ஜ் அனுப்பினார். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு சங்கதி இருந்தது. பேட்ஜ் வந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவள் தன் போனில் ‘ஏற்றுக்கொள்’ என்பதைத் தொட வேண்டும். தொட்டால்தான் கணக்கில் சேரும். எல்லாப் பிள்ளைகளும் வந்த நிமிஷத்தில் தொட்டுவிடுவார்கள். இவள் தொடவில்லை.

ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார், அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். நான் சொன்னால் கேட்பாள் என்று நினைத்திருப்பார். மேஜைமேல் பால்கோவா டப்பா திறந்திருந்தது. எடுத்துக்கோம்மா என்றார். அவள் எடுக்கவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

“நெட் கிடைக்கலியாம்மா? இங்க வைஃபை இருக்கு, போட்டுத் தாரேன்.”

“நெட்டு இருக்கு சார்.”

“பின்ன என்ன? நாளான்னைக்கு மதுரைக்காரங்க வாராங்க. இதைத் தொட்டாத்தான் உன் பேரு லிஸ்ட்ல வரும். உனக்காகத்தான் ஸ்பெஷலா குடுத்திருக்கேன்.”

“எதுக்குக் குடுத்திருக்கீங்கன்னு அதுல போட்டிருக்கு சார்.” போனை எடுத்துப் படித்தாள். “குழுவோடு இணக்கமாகச் செயல்பட்டமைக்காகன்னு.”

“ஆமா, நல்லாத்தானே இருக்கு.”

“நான் இணக்கமா இல்லியே சார். பையப் புடுங்கிட்டுல்ல நின்னேன். அதுக்குன்னு எழுதுங்க. ஆளு மாறி ஏத்தப் போன ரத்தத்த நிறுத்துனதுக்குன்னு. இப்பவே தொடுதேன்.”

வைஸ் சார் என்னைப் பார்த்தார். நான் பால்கோவாவைப் பார்த்தேன். அப்படி எழுத அதில் வசதி இல்லை, தயாராக இருக்கிற வரிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றார். அந்தப் பட்டியலைத் திறந்தும் காட்டினார், பாவம். இணக்கம், புன்னகை, நேரம் தவறாமை, உற்சாகம், தலைமைக்கு ஒத்துழைப்பு. கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். நிறுத்தினாள், மறுத்தாள், தடுத்தாள் என்று ஒரு வரி அதில் இல்லை. அதை உண்டாக்கியவர்களில் ஒருவர்கூட, ஒரு குழு தப்பாகப் போகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. எழுதவும் வழி இருந்தது, ‘பிற’ என்று கடைசியில் ஒரு கட்டம். நான்தான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி மடிக்கணினியை மூடினார். எழுதினால் எந்த வார்டு, என்ன ரத்தம், யார் கட்டிலை நகர்த்தியது என்று ஒருவன் கேட்பான் அல்லவா?

“சின்ன விஷயம்மா. ஒரு தொடு. உன் வாழ்க்கைப் பிரச்சினை” என்றார். குரல் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் அறையில் கெஞ்சிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“அப்ப வேண்டாம் சார். வாரேன்” என்று எழுந்துவிட்டாள். வெளியே வந்து வராந்தாவில் நான் அவளைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு பொத்தான்தானே, தொட்டுவிட்டு மதுரைக்குப் போ, இந்த ஆளைப் பிறகு திட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்த ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டுக்கு அவளைப் போல ஒருத்தி வேண்டும். அவள், “நான் தொட்டா அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிரும் மேடம்” என்றாள். வகுப்புக்குப் போய்விட்டாள்.

மதுரைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு மேட்ரன் அம்மாவைத் தனியாகப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நல்ல பிள்ளை போலிருக்கு. ஆனா எங்களுக்கு ஒத்துப்போற பிள்ளைங்கதான் வேணும் சிஸ்டர், அங்க டாக்டர்மார்கிட்ட இதெல்லாம் நடக்காது” என்றார். பேட்ஜைக் கேட்டார்களா என்றால், கேட்கவே இல்லை. ஒரு பிள்ளை ஆசையாகப் போனை நீட்டியபோது, இது என்ன கேம் ஆப்பா என்று கேட்டார்களாம். தலைவிப் பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்தது. இப்போது எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. ஒருநாள் ஒரு கைப்பட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால் சரி.

நான் அந்த வருஷமே கல்லூரியை விட்டு வந்துவிட்டேன். வைஸ் சார் ஓஹோவென்று இருக்கிறார். ஊர் ஊராகப் போய் மற்ற கல்லூரிகளுக்கு பேட்ஜ் கொடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். மாநாட்டில் அவர் போட்ட வீடியோ யாரோ அனுப்பி நானும் பார்த்தேன். “பயப்படாதீங்கம்மா, நாங்க ஒரு டீம்” என்பதோடு வெட்டி முடித்திருந்தார்கள். பின்னணியில் வீணை. இரண்டு கையால் இதயம் வரைந்த மனிதர், தன் கண் முன்னால் ஒருத்தி இன்னொருத்தியின் உயிரைக் காப்பாற்றியதை வெட்டி எறிந்துவிட்டு அதற்கு முந்தின வரியை வைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட இப்போது அவ்வளவாக இல்லை. கோபப்பட ஒரு ஆள் வேண்டும்.

தையல்காரர் மகள் சில மாதம் மிஷினில்தான் உட்கார்ந்தாள். காஜா எடுத்தாள், பட்டன் தைத்தாள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். தீவிர சிகிச்சை வார்டு எல்லாம் அங்கே கிடையாது, சம்பளமும் அப்படித்தான். போன வாரம் என் தம்பி மனைவியைப் பார்க்க அங்கே போயிருந்தேன். வாட்ச் இல்லாத கை, ஒட்ட வெட்டிய நகம். வரிசையாக மூன்று தொட்டில்களைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். சட்டைப்பையில் போன் முனகியது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ‘உங்கள் தங்க பேட்ஜ் உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று செய்தி. மாதாமாதம் வருகிறதாம், இத்தனை காலமாக.

“இது வராம நிறுத்த என்ன மேடம் செய்யணும்?”

நான் கீழே இறக்கிப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டால் நின்றுவிடும் என்று போட்டிருந்தது. அப்படியே சொன்னேன்.

“அப்ப வந்துக்கிட்டே கெடக்கட்டும்” என்று போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது. கையைக் கழுவப் போனாள்.